டைப் தெரியுமா?

கிண்டியில் 1995-ஆம் ஆண்டு எனக்கு நடந்த இன்டர்வியூவில் கேட்ட முதல் கேள்வி, "டைப் தெரியுமாம்மா?" கையில் இங்கிலீஷ் ஹையர் சான்றிதழ் இருந்தது. நீட்டினேன். மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஏழு வருடம் கழித்து, வேறொரு கம்பெனியில் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டார். அவர் கேட்ட டைப் வேறு. அதற்கு என்னிடம் சான்றிதழ் இல்லை. இன்றுவரை யாரும் கொடுக்கவும் இல்லை.

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆராய்ச்சி இதழ்களும் பாடப் புத்தகங்களும் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வந்து, டேக் போடப்பட்டுத் திரும்பிப் போகின்றன என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. சொந்தக்காரர்களிடம் சொன்னால் "டேட்டா என்ட்ரியா?" என்று முடித்துவிடுவார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். அன்றைக்கு அது பாதி உண்மைதான். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். ஒரு புரோகிராம் இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே நிற்கும். லட்சம் எழுத்துக்கு ஐந்து பிழை வரை மன்னிப்பு. எழுத்தோடு சேர்த்து டேக்கும் அடிக்க வேண்டும்: இது தலைப்பு, இது ஆசிரியர் பெயர், இது மேற்கோள் நூல் என்று. 1986-இல் ஐஎஸ்ஓ தரமாக வந்த எஸ்ஜிஎம்எல்தான் அப்போது எங்களுக்கு வேதம். எந்த டேக்குக்குள் எந்த டேக் வரலாம், எந்த வரிசையில் வரலாம் என்பதை டிடிடி என்ற கோப்பு சொல்லும். அடித்து முடித்தது அதன்படி இருக்கிறதா என்று ஜேம்ஸ் கிளார்க் எழுதிய இலவசப் பார்ஸரில் ஓட்டிப் பார்ப்போம். "பார்ஸ் ஆச்சா?" மாடி முழுக்க நாளெல்லாம் கேட்கும் ஒரே கேள்வி அதுதான்.

ஆண்டு டேக்குக்குள் "மாம்பழம்" என்று அடித்தாலும் பார்ஸ் ஆகும். சும்மா சொல்லவில்லை, நைட் ஷிஃப்டில் ஒரு பையன் அடித்தே காட்டினான். டிடிடிக்குப் பெயர் தெரியும், வரிசை தெரியும். உள்ளே இருப்பது எண்ணா தேதியா என்று தெரியாது. ஜூன் 31 என்று தேதி போட்ட ஒரு கட்டுரை அச்சுக்கே போயிற்று. கண்டுபிடித்தது அதை எழுதிய விஞ்ஞானி.

எஸ்ஜிஎம்எல்லின் எளிய வடிவமான எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் வந்தது. எங்களுக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லை, டேக்கை ஒழுங்காக மூட வேண்டும் என்பதைத் தவிர. பெரிய மாற்றம், டிடிடியின் வேலையைச் செய்ய 2001 மே மாதம் டபிள்யூ3சி என்ற வலைத் தர அமைப்பு வெளியிட்ட ஸ்கீமாவோடுதான் வந்தது. தேதிக்கு ஒரு டைப், முழு எண்ணுக்கு ஒரு டைப் என்று கூடவே 44 டைப்கள் கட்டி வந்தன. நாமும் புதிதாகச் செய்துகொள்ளலாம். ஒரு டைப்பிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்கலாம். அப்பன் உட்கார வேண்டிய இடத்தில் பிள்ளையை உட்கார வைக்கலாம். அந்தக் கடைசி வரிதான் 2002-இல் என் இரண்டாவது இன்டர்வியூ. "டைப் சப்ஸ்டிட்யூஷன் பத்தி என்ன தெரியும்?" என்றார் அவர். தெரியாது என்றேன். "நேர்மையா சொன்னீங்க, எங்களுக்கும் தெரியாது" என்று சேர்த்துக்கொண்டார்.

மூன்று பாகமுள்ள அந்த ஸ்கீமா ஆவணத்தை அச்செடுத்து ஸ்பைரல் போட்டு மின்சார ரயிலில் படித்தேன். இரண்டாவது பாகம் தூக்கம் வரவழைக்காமல் போனதே இல்லை. விஷயம் பிடிபட்டது ஒரு காதுகுத்தில். குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். சொந்த மாமன் துபாயில். உடனே பாட்டி, "அவன் இல்லாட்டி என்ன, சித்தப்பா மவன் வந்திருக்கானே, அவனும் மாமன் முறைதானே" என்று ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தார். பெயர் வேறு, ஆள் வேறு, முறை ஒன்று. அந்த "முறை"தான் ஸ்கீமா சொல்லும் டைப். பந்தலில் இருந்த போட்டோகிராபருக்கு முறை தெரியாது. யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கிளிக். எங்கள் தொழிலின் தொல்லை எல்லாம் அந்தப் போட்டோகிராபரிடம்தான் இருந்தது என்று பிற்பாடு புரிந்தது.

கடல்கடந்த ஒரு பதிப்பகம் எங்களுக்கு அனுப்பிய ஸ்கீமாவில் மேற்கோள் என்ற தலைமை டைப் இருந்தது. அது வெறும் தலைமை மட்டும்; நேரடியாக எங்கும் வரக்கூடாது என்று பூட்டியிருந்தார்கள். அதன் பிள்ளைகளாக இதழ் மேற்கோள், நூல் மேற்கோள், காப்புரிமை மேற்கோள், ஆய்வேடு மேற்கோள். பிள்ளையை உட்கார வைக்க இரண்டு வழி. ஒன்று, சப்ஸ்டிட்யூஷன் குரூப்: மேற்கோள் வர வேண்டிய இடத்தில் வேறு பெயருள்ள டேக்கே வந்து உட்காரும். மற்றது, டேக்கின் பெயர் மேற்கோள் என்றே இருக்கும். எக்ஸ்எஸ்ஐ:டைப் என்ற அட்ரிபியூட்டில் "நான் உண்மையில் காப்புரிமை மேற்கோள்" என்று எழுதியிருக்கும். சட்டைப் பையில் சீட்டு வைத்திருக்கும் மாமன் மாதிரி. இந்தப் பதிப்பகம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தது. டேக் பெயர்கள் பெருகாது என்பது அவர்கள் கணக்கு.

பிள்ளை பெறுவதிலும் ஒரு சட்டம் உண்டு, அது எங்களைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு டைப்பை நீட்டினால், புதியதை வாலில்தான் ஒட்ட முடியும். தலைப்புக்கு அடுத்து உபதலைப்பு வேண்டும் என்றால் முடியாது. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் உபதலைப்பு. குறுக்க வேண்டுமென்றால் இன்னும் கொடுமை: அப்பனிடம் இருப்பதை முழுக்கத் திரும்ப எழுதி, வேண்டாததை மட்டும் விட வேண்டும். இது நியாயமான குறுக்கல்தானா என்பதில் ஒரு பார்ஸர் ஆமாம் என்னும், இன்னொன்று இல்லை என்னும். எது சொல்வது சரி என்று ஸ்பைரல் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் மூன்று பேருக்கு மூன்று அர்த்தம் வரும். இந்த ஒரு காரணத்துக்காகவே குறுக்கலைத் தொடாதீர்கள் என்று நான் பயிற்றுவித்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். கட்டுரைகள் தனித்தனிக் கோப்பு. டெலிவரிக்கு முன் ஒரு இதழுக்கானதையெல்லாம் பெர்ல் ஸ்கிரிப்ட் ஒன்று சேர்த்துத் தைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி தைத்த கோப்பை வேலிடேட் செய்தால் மேற்கோளுக்கு ஒன்றாகப் பிழை கொட்டுகிறது. தனித்தனியாக ஓட்டினால் எல்லாம் சுத்தம். நானும் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவனும் மட்டும் இருந்தோம். "அக்கா, ஃபைல்ல ஒரு எழுத்துகூட மாறல, டிஃப் போட்டுப் பாத்துட்டேன்" என்கிறான். மாறவில்லைதான். சேர்க்கும்போது ஒவ்வொரு கட்டுரையின் வெளி டேக்கைக் கழற்றிவிட்டு, இதழுக்கு ஒரே டேக் போடுவது ஸ்கிரிப்டின் வேலை. அந்த வெளி டேக்கில்தான் நேம்ஸ்பேஸ் அறிவிப்புகள், அதாவது எந்த முன்னொட்டு எந்தக் குடும்பத்தைக் குறிக்கிறது என்ற விவரம், இருக்கும். எழுதியவர் சமர்த்தர்: டேக் பெயரிலோ அட்ரிபியூட் பெயரிலோ பயன்படாத முன்னொட்டை "வேஸ்ட்" என்று தூக்கிவிட்டிருந்தார். எங்கள் கோப்பில் அந்த முன்னொட்டு எந்தப் பெயரிலும் இல்லை. எக்ஸ்எஸ்ஐ:டைப்பின் மதிப்புக்குள், சீட்டில் எழுதிய பெயரில்தான் இருந்தது. பார்ஸர் சீட்டைப் பிரிக்கிறது, அதில் சொன்ன குடும்பம் எது என்று தேடுகிறது, கிடைக்கவில்லை. விடியற்காலை மூன்றரைக்குக் கண்டுபிடித்தோம். திருத்தம் ஒரே வரி.

இதே முன்னொட்டு இன்னொரு விதமாகவும் கடித்தது. கோப்பை அச்சுக்கும் வலைக்கும் மாற்றும் ஸ்டைல்ஷீட்டை எழுதியவர் சீட்டில் இருப்பதை வெறும் எழுத்துக் கோவையாக ஒப்பிட்டிருந்தார். வேறொரு ஊர் வென்டர் அதே டைப்பை வேறு முன்னொட்டோடு அனுப்பினார். வேலிடேட்டர் இரண்டையும் ஒன்று என்கிறது, அது சரியும்கூட. ஸ்டைல்ஷீட்டோ யாரென்றே தெரியாத மாதிரி தாண்டிப் போகிறது.

டைப் வந்ததால் நல்லது மட்டுமே நடந்தது என்று சொல்ல மாட்டேன். மேற்கோளின் பக்க எண்ணுக்கு மிகை முழு எண் என்று டைப் போட்டிருந்தார்கள். கேட்டால் நியாயம், பக்கம் எண்தானே? இதழ்களில் துணைவெளியீட்டுப் பக்கங்கள் "எஸ்12" என்று இருக்கும். முன்னுரைப் பக்கங்கள் ரோமன் எண்ணில் இருக்கும். ஆன்லைன் கட்டுரைகளுக்கு "இ" எழுத்தோடு ஆரம்பிக்கும். இவை எதுவும் பார்ஸ் ஆகாது. பதிப்பகத்துக்கு மெயில் போட்டால் பதில் வர இரண்டு நாள், டெலிவரி இன்று மாலை. மூன்று மாதம் கழித்து க்யூசியில் ஒரு பெண் தற்செயலாகப் பழைய பிடிஎஃப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எங்கள் ஆட்கள் சிலர் "எஸ்"-ஐ எடுத்துவிட்டு வெறும் 12 என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்ஸ் ஆக வேண்டும், அவ்வளவுதான். மாம்பழம் என்று எழுதினால் ஏற்றுக்கொண்ட டிடிடியில் ஒருவரும் பொய் எழுதியதில்லை. கண்டிப்பான டைப் வந்ததும் எழுதினார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எண் அல்லது எழுத்து, எதுவானாலும் சரி என்று இரண்டையும் சேர்த்து ஒரு யூனியன் டைப் எழுதி, பதிப்பகத்திடம் மன்றாடி மாற்ற வைத்தோம். மூன்று மாதக் கோப்புகளை மறுபடி பார்த்த செலவு எங்களுடையது.

போட்டோகிராபர் என்று சொன்னேனே, அது ஸ்டைல்ஷீட். கோப்பைச் சரிபார்ப்பது ஒரு கருவி, அதை அச்சுக்கும் வலைக்கும் மாற்றுவது இன்னொன்று. ஸ்டைல்ஷீட் எழுதும் மொழியான, 1999-இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0-வுக்கு ஸ்கீமா என்றால் என்னவென்றே தெரியாது. பெயரைப் பார்த்துதான் வேலை செய்யும். சப்ஸ்டிட்யூஷன் குரூப் பயன்படுத்திய இன்னொரு வாடிக்கையாளர் ஒருநாள் தரவுத் தொகுப்பு மேற்கோள் என்று புதுப் பிள்ளையை அறிமுகப்படுத்தினார். வேலிடேட்டர் கைகுலுக்கி உள்ளே விட்டது. ஸ்டைல்ஷீட்டில் அதற்கு டெம்ப்ளேட் இல்லை. எக்ஸ்எஸ்எல்டியின் சுபாவம் என்னவென்றால், தெரியாத டேக் வந்தால் கூச்சல் போடாது, உள்ளே இருக்கும் எழுத்தை அப்படியே வெளியே கொட்டிவிடும். ஆசிரியர் பெயர், தலைப்பு, ஆண்டு மூன்றும் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு பிடிஎஃப்பில் போயின. பிழைச் செய்தி எங்குமே இல்லை.

இதற்கு மருந்து 2007 ஜனவரியில் எக்ஸ்எஸ்எல்டி 2.0 ஆக வந்தது. அதன் ஆசிரியர் மைக்கேல் கே எழுதிய சாக்ஸன் என்ற கருவியை நாங்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தோம். ஸ்கீமாவை இறக்குமதி செய்துவிட்டு, "பெயர் எதுவாக இருந்தாலும் சரி, மேற்கோள் டைப்போ அதன் வாரிசோ என்றால் இப்படிச் செய்" என்று டெம்ப்ளேட்டை எழுதலாம். முதல்முறை ஓட்டியபோது, நான் வேண்டுமென்றே இட்டுக்கட்டிய ஒரு பேரப்பிள்ளை டைப்பைக்கூட அது கண்டுகொண்டு சரியாக அச்சிட்டது. அந்தக் காதுகுத்துப் பாட்டியைக் கம்ப்யூட்டருக்குள் பார்த்த மாதிரி இருந்தது. ஸ்கீமா புரியும் பதிப்பு காசுக்கு, புரியாதது இலவசம். மேனேஜர் விலையைப் பார்த்தார். "இலவசத்துல என்ன குறைச்சல்?" என்றார். பத்து நிமிடம் விளக்கினேன். "பெயரைப் பாத்தே பண்ணுங்க மேடம், புதுசா வந்தா ஒரு வரி சேத்துக்கலாம்." ஆக, இலவசப் பதிப்பில் 2.0-வுக்கு மாறினோம்.

மாறிய வாரமே ஒரு வேடிக்கை. கடைசிப் பக்கம் முதல் பக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால் எச்சரிக்கும் ஒரு வரி, வருடக்கணக்காக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இப்போது 98 முதல் 105 வரை உள்ள கட்டுரையைத் தப்பு என்கிறது. 106 முதல் 118 வரை என்றால் சரி என்கிறது. நாங்கள் மாற்றியது ஸ்டைல்ஷீட்டின் தலையில் 1.0 என்பதை 2.0 என்று மட்டும்தான். பழைய பதிப்பு, பெரிது சிறிது என்று ஒப்பிட்டால் இரண்டு பக்கத்தையும் எண்ணாக மாற்றிக்கொள்ளும். புதியது டைப்பை மதிக்கும் பதிப்பு. டைப் தெரியாத இரண்டை ஒப்பிடச் சொன்னால் இரண்டையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். எழுத்து வரிசையில் "1" முதலில், "9" பின்னால். அதனால் 105, 98-ஐவிடச் சிறிது. இரண்டிலும் இலக்கங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் விடை தற்செயலாகச் சரியாக வந்துவிடும். பெரும்பாலான கட்டுரைகள் அப்படித்தான் இருக்கும். ஒரு இதழில் ஒன்று இரண்டுதான் 99-ஐத் தாண்டும். பொய் எச்சரிக்கையைக்கூடப் பொறுக்கலாம். 112 முதல் 98 வரை என்று உண்மையிலேயே தப்பாக வந்ததை அது சரி என்று விட்டதுதான் பயமாக இருந்தது. ஸ்கீமாவோடு ஓட்டியிருந்தால் எண் என்று தெரிந்திருக்கும். மேனேஜரிடம் இதை எடுத்துக்கொண்டு போனேன். அடுத்த மாதம் லைசென்ஸ் வாங்கினார், ஒன்றே ஒன்று.

டிட்டா என்ற முறை, வாரிசை அடையாளம் காணும் சிக்கலை வேறு கோணத்தில் பார்த்தது. ஐபிஎம்மில் பிறந்து 2005-இல் ஓயாசிஸ் தரமானது. இயந்திரக் கையேடுகள் எழுதுகிறவர்கள் பயன்படுத்துவது. அதில் ஒவ்வொரு டேக்கும் தன் வம்சத்தைத் தானே சுமக்கும். செய்முறைப் படிக்கான டேக் ஒன்று இருக்கிறதென்றால், அதன் கிளாஸ் அட்ரிபியூட்டில் "டாபிக் வீட்டு லிஸ்ட் ஐட்டத்தின் வழியில் வந்த டாஸ்க் வீட்டு ஸ்டெப்" என்று எழுதியிருக்கும். நாம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் எழுத்தைப் போட்டுக்கொள்கிற மாதிரி. ஸ்டெப்பைத் தெரியாத கருவி, லிஸ்ட் ஐட்டம் என்று எடுத்துக்கொண்டு வேலையை ஓட்டிவிடும். ஸ்கீமா புரியும் கருவியெல்லாம் வேண்டாம், எழுத்தைத் தேடத் தெரிந்தால் போதும். படித்தவர்கள் இதை அழகில்லை என்பார்கள். எனக்குப் பிடித்தது.

தேடும்போது ஒரு இடைவெளியில் கவனம் வேண்டும். பத்திக்கான "டாபிக்/பி"-யைத் தேடினால் முன்னும் பின்னும் ஒரு ஸ்பேஸ் சேர்த்துத் தேட வேண்டும். எங்கள் தம்பி ஒருவன் பின்னால் உள்ள ஸ்பேஸை விட்டுவிட்டான். "பி"-யில் ஆரம்பிக்கிற எல்லாமே மாட்டின: பிஎச், பிஆர்இ, புரோலாக். கையேட்டின் உள்விவரமாக ஒளிந்திருக்க வேண்டிய பதிப்புரிமையும் தேதியும் பத்தி பத்தியாக முதல் பக்கத்தில் வந்து நின்றன. கூட இன்னொரு ஆபத்தும் உண்டு. அந்த வம்சப் பட்டியலை யாரும் கையால் அடிப்பதில்லை. டிடிடியிலிருந்து தானாக நிரம்புவது. டிடிடியைப் படிக்காமல் கோப்பை மட்டும் திறக்கும் கருவியில் ஓட்டினால் பட்டியல் காலி, ஒரு டேக்கும் யாருக்கும் உறவில்லை.

அப்பன் இடத்தில் பிள்ளையை உட்கார வைப்பது முழுசாகப் பலித்ததை நான் பார்த்த ஒரே இடம், கணக்கு அறிக்கைகளுக்கான எக்ஸ்பிஆர்எல். நம் நாட்டில் 2011-இல் கம்பெனி விவகார அமைச்சகம் குறிப்பிட்ட கம்பெனிகளைத் தங்கள் கணக்கை அதில் தாக்கல் செய்யச் சொன்னபோது எங்களுக்கும் கொஞ்சம் வேலை வந்தது. லாபம், கடன், கையிருப்பு என்று எத்தனை தலைப்பு இருந்தாலும் அத்தனையும் ஐட்டம் என்ற ஒரே தலைமையின் சப்ஸ்டிட்யூஷன் குரூப். புதிதாக ஒரு தலைப்பு வந்தாலும் மென்பொருள் விழிக்காது. எந்த ஸ்கீமா என்பதைத் தாக்கலே சுட்டிக்காட்டியாக வேண்டும், அது கட்டாயம். ஆடிட்டர்களோடு மல்லுக்கட்டியதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இதழ் உலகம் இந்தக் கலாட்டாவிலிருந்து மெல்ல விலகிப் போய்விட்டது. இன்று பெரும்பாலான இதழ்களுக்கு வருவது 2012-இல் நைசோ தரமான ஜாட்ஸ் என்ற டேக் தொகுப்பு. அதற்கு ஸ்கீமா வடிவமும் உண்டு, ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் டிடிடியைத்தான் கேட்கிறார்கள். மேற்கோள் எந்த வகையானாலும் டேக் மாறாது. நூலா இதழா என்பது ஒரு சாதாரண அட்ரிபியூட். வாரிசு இல்லை, குறுக்கல் இல்லை. ஆண்டுக்குள் மாம்பழம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்கீமாட்ரான் விதிகளைத் தனியாக எழுதிக்கொள்கிறோம். 1995-க்கே திரும்பிவிட்ட மாதிரி சில நாள் தோன்றும். வேலை தடையில்லாமல் போகிறது, அதை மறுக்க முடியாது.

போன வருடம் அந்தப் பழைய பதிப்பகத்தின் கோப்புகள் திரும்பி வந்தன. கம்பெனி கைமாறி, 2003 முதல் உள்ள இதழ்களை ஜாட்ஸுக்கு மாற்றச் சொன்னார்கள். திறந்தால் ஒவ்வொரு மேற்கோளிலும் எக்ஸ்எஸ்ஐ:டைப் பத்திரமாக இருக்கிறது. ஸ்கீமா இருக்கும் இடம் என்று கோப்பின் தலையில் எழுதியிருந்த முகவரி எப்போதோ செத்துவிட்டது. அந்த முகவரி வெறும் குறிப்புதான், இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்று ஸ்பைரல் புத்தகத்திலேயே உண்டு. வாடிக்கையாளரிடம் கேட்டால், "உங்களிடம் இருக்கும் என்றல்லவா நினைத்தோம்" என்றார்கள். எங்கள் பழைய சர்வர் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தோடு போயிற்று.

"அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்குமே" என்று பிள்ளைகள் என்னை ஒயிட்போர்டின் முன் நிறுத்திவிட்டார்கள். மேற்கோள் என்று மேலே எழுதிக் கீழே கோடு போட்டேன். இதழ், நூல், காப்புரிமை, ஆய்வேடு. நூலுக்குக் கீழே தொகுப்பு நூல், அதன் கீழே தொகுப்பில் ஒரு கட்டுரை. இருபது வருடத்துக்கு முன் வாலில் ஒட்டிய உபதலைப்பு எந்த டைப்பில் வந்தது என்பதுகூட ஞாபகம் வந்தது. கோப்புகளில் இருந்த டைப் பெயர்களை ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது. மாநாட்டுக் கட்டுரை. அது இதழுக்குப் பிறந்ததா நூலுக்குப் பிறந்ததா என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "எதுக்குக் கீழ போடட்டும் அக்கா?" என்றாள் ஒருத்தி. "தனியா போடு. கோடு போடாத" என்றேன்.